ஆணிச் செருப்பில் என் கால்

ஆலங்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன அறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கல்யாணப் பெண்களை வெளுக்க வைப்பது என் தொழில். யாரும் அப்படிக் கேட்டு வருவதில்லை. “கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்” என்பார்கள். “பொண்ணு மாநிறம்தான்” என்பார்கள். நான் தொழில் செய்த இத்தனை வருஷத்தில் கறுப்பான பெண் ஒருத்தியைக்கூட யாரும் கூட்டிவந்ததில்லை. எல்லோரும் மாநிறம். இந்த வட்டாரத்தில் கறுப்பாக இருப்பது நானும், எங்கள் ஊர் எல்லையில் நிற்கும் கருப்பரும்தான். எங்களுக்குள்ளும் ஒரு வித்தியாசம் உண்டு. சாமியை எழுதும்போது சின்ன ‘ரு’ போடுகிறார்கள். என் நிறத்தை எழுதும்போது பெரிய ‘று’ போடுகிறார்கள்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். அந்த ஊர்ப் பையன் ஒருவன் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்துவிட்டு, தாடியோடு திரும்பிவந்தான். இங்கே வந்து ஆல்பம் எடுக்கப்போவதாகச் சொன்னான். சினிமா எதுவும் இல்லாமல் தனியாக ஒரு பாட்டைப் போட்டு, ஆடி, படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அதற்கு இப்போது ஆல்பம் என்று பெயர். தெருவுக்கு ஒரு இயக்குநர் இருக்கிறார்.

பார்லருக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னான். “கறுப்புதான்க்கா அழகு. அதுதான் கான்செப்ட். கருப்பரே ஒரு பொண்ணா எறங்கி வந்தா எப்புடி இருக்கும்? கறுப்பா, களையா, கையில அருவா. நீங்கதான் மேக்கப்.”

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கறுப்புதான் அழகு என்று என் கடைக்குள் நின்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கறுப்பான பெண்ணுக்கு என்ன பெரிய மேக்கப் வேண்டியிருக்கிறது, கொஞ்சம் மை, கொஞ்சம் பவுடர், அரைமணி நேர வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

படப்பிடிப்பு இரண்டு நாள். முதல் நாள் காலையில் திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினாள் கதாநாயகி. உரித்த பூண்டு மாதிரி இருந்தாள். வெயில் பட்டால் சிவந்துவிடுவாளோ என்று கூட வந்த அம்மா குடை பிடித்தார். நான் இயக்குநரை ஓரமாக அழைத்து, கறுப்பாக ஒரு பெண்ணையே போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

“கறுப்பா இருக்க பொண்ணு கேமராவுல கறுப்பாத்தான்க்கா தெரியும். அழகாத் தெரியணும்ல.”

மேக்கப் பெட்டியைத் திறந்தேன். அப்புறம்தான் இன்னொரு சிக்கல். எங்கள் ஆலங்குடியை விடுங்கள், அறந்தாங்கிக் கடைகளிலும் முகத்தில் அடிப்படையாகப் பூசும் கிரீமில் கறுப்பு கிடைக்காது. முழுக்கத் தேடினாலும் கோதுமை நிறத்தோடு அவர்கள் கறுப்பு முடிந்துபோகும். கண் மையையும் பழுப்புப் பொடியையும் தேங்காய் எண்ணெயையும் போட்டுக் குழைத்தேன். பதம் தெரியவில்லை. அந்தப் பெண் நல்ல பெண், திமிர் கிடையாது. தன் கையை நீட்டி என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இந்தக் கலர்க்கா” என்றாள். அப்புறம் இரண்டு நாளும் என் கைதான் சாம்பிள். சாயம் கலக்குவதும், என் முழங்கையோடு ஒட்டிப் பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் மை என்பதுமாக வேலை நடந்தது. என்னைப் பார்த்து என்னைப் போலவே ஒருத்தியைச் செய்துகொண்டிருந்தேன். செய்து முடித்ததும் எல்லோரும் சூப்பர் என்றார்கள்.

பின்னால் ஆடுவதற்கு உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர். இயக்குநர் ஏதோ வெளிநாட்டுப் பாட்டில் பார்த்திருக்கிறான், ஆப்பிரிக்கா ‘ஃபீல்’ வேண்டுமாம். தென்னை ஓலையைக் கிழித்து இடுப்பில் கட்டி, சுருட்டை விக் வைத்து, முகத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைக்கச் சொன்னான். அதோடு விட்டானா, அவர்கள்மேலும் கறுப்பு அடிக்கச் சொன்னான். தோப்பில் வெயிலில் தேங்காய் உரிக்கும் பிள்ளைகள், கறுப்பில் என்னைவிட ஒரு மாற்று அதிகம். கறுப்பின்மேல் கறுப்பை அடித்தேன், எங்கே பூசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் அவமானமாக எதுவும் நினைக்கவில்லை. ஓலை குத்துகிறது என்று மட்டும் சொன்னார்கள்.

மத நல்லிணக்கம் வேண்டும் என்று ஆவூருக்கும் ஓடினான். அங்கே இருக்கும் பெரிய மாதா கோயில் வாசலில் அவளுக்குத் தேவதை இறக்கை கட்டி ஓடவிட ஆசை. அங்கே இருந்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள். விவரமான ஊர்.

எங்கள் ஊருக்கு அந்த விவரம் போதவில்லை. கருப்பர் கோயில் முன்னால் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள்.

எங்கள் கருப்பருக்குச் செருப்பு காணிக்கை உண்டு. ராத்திரியில் எல்லையைச் சுற்றிவருகிறார், கால் நோகுமல்லவா. குதிரைதான் இருக்கிறதே, செருப்பு எதற்கு என்று கேட்கக் கூடாது. வேண்டுதல் பலித்தவர்கள் முழ நீளத்துக்குத் தோல் செருப்பு தைத்து, மேலே வரிசையாக ஆணி அடித்துக் கொண்டுவந்து மாட்டுவார்கள். மறுவருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பார்கள். மற்ற கோயில்களில் செருப்பு வெளியே, ஆள் உள்ளே. எங்கள் கோயிலில் செருப்பு உள்ளே, ஆள் வெளியே.

இயக்குநருக்கு அந்தச் செருப்பைப் பார்த்ததும் பொறி தட்டிவிட்டது. அந்தப் பெண் ஆணிச் செருப்பு போட்டுப் படியில் நடந்து வர வேண்டும், காலை மட்டும் காட்ட வேண்டும். கோயில் செருப்பைத் தொடக் கூடாது என்ற பயம் அவனுக்கும் இருந்தது. அறந்தாங்கியில் ஒருவரிடம் சொல்லிப் புதிதாகத் தைத்துவந்தான், ஆணிக்குமேல் ரப்பர் ஷீட் வைத்து. திருச்சிப் பெண் ஆணியைப் பார்த்ததும் மாட்டேன் என்றுவிட்டாள். போதாததற்கு, வெயிலில் அவள் காலில் பூசியதெல்லாம் வேர்த்து வழிந்து வரிக்குதிரை ஆகியிருந்தது. இயக்குநர் சுற்றும் முற்றும் பார்த்தான். பார்வை என் காலில் வந்து நின்றது.

“அக்கா, காலு மட்டும் நீங்க குடுங்களேன்.”

கொடுத்தேன். அந்த முழ நீளச் செருப்பில் என் கால் குழந்தைக் கால் போல இருந்தது. இருந்தாலும் நடந்தேன், படியேறினேன், சொன்ன இடத்தில் நின்றேன். கால் அருமையாக இருக்கிறது என்று கேமராக்காரர் சொன்னார். முகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒரு கதையும் இல்லை. இயக்குநருக்குப் பக்தி அதிகம், சிக்கனமும் அதிகம். நல்ல தோல், நல்ல தையல், வீணாக்குவானேன் என்று படப்பிடிப்பு முடிந்ததும் ரப்பர் ஷீட்டைப் பிய்த்துப்போட்டுவிட்டு, செருப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பாட்டு நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கருப்பருக்கே காணிக்கையாக மாட்டிவிட்டான். பூசாரி விபூதி கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பாட்டு வந்தது, ஓடியது. முதல் சண்டை தூரத்து ஊர்களிலிருந்து வந்தது. அதில் ஒரு காட்சியில் அவள் சுருட்டுப் பிடிப்பாள். யாரோ ஒருவர் ஏசி காரில் உட்கார்ந்துகொண்டு, தெய்வத்தின் வாயில் சுருட்டா என்று கண்கலங்கி வீடியோ போட்டார். எங்கள் ஊரில் சிரித்தார்கள். கருப்பருக்குச் சுருட்டைக் கட்டுக்கட்டாக வைப்பவர்கள் நாங்கள். சாராயம் வைப்பதைத் தெரிந்துகொண்டால் அந்த மனுஷன் உயிரையே விட்டிருப்பார். வேறு சிலர், வெள்ளைப் பெண்ணுக்குக் கறுப்பு பூசியது கறுப்பர்களைக் கேவலப்படுத்துவது என்று திட்டினார்கள். கறுப்பைக் கொண்டாடும் பாட்டு என்று இயக்குநர் பதில் போட்டான். அந்தப் பெண் ஒரு பேட்டி கொடுத்தாள். இரண்டு நாள் கறுப்பாக வாழ்ந்து பார்த்ததில் அந்த வலி தனக்குப் புரிந்துவிட்டதாம். பேட்டியெடுத்தவர் உச்சுக்கொட்டினார். நான் பிறந்ததிலிருந்து முழுநேரமாக இதே வேலையாக இருக்கிறேன், என்னை ஒரு நாய்கூடப் பேட்டி எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். அங்கே ஒரே அறையில் இருக்கும் சூடான்காரர் ஒருவருக்குப் பெருமையாகப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் ஓலை கட்டிய பையன்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டாராம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்றாராம் இவர். யார் மாதிரி வேஷம் போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. பேச்சை மாற்ற இவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறார். அப்போதுதான் செருப்புக் காட்சியைச் சரியாகப் பார்த்தார்.

போனில் கூப்பிட்டார். “ஏப்புள்ள, அது ஒன் காலுதானே?” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “எனக்குத் தெரியாதா?” என்றார். அந்தப் பாட்டைப் பார்த்த அத்தனை பேரில் என்னை அடையாளம் கண்ட ஒரே ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

நல்லது அதோடு நிற்குமா. மனுஷன் பூரிப்பு தாங்காமல், ஊர் மொத்தமும் இருக்கும் போன் குரூப்பில் அந்தக் காலின் படத்தைப் போட்டு, ‘இது என் வீட்டுக்காரம்மா கால்’ என்று எழுதிவிட்டார். பத்துப் பேர் கைதட்டினார்கள். அதற்கப்புறம் கோயில் கமிட்டித் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘இந்தச் செருப்புதானே இப்ப கோயில்ல தொங்குது?’

தலைவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். முறைக்கு எனக்கு மாமா. எல்லா விஷயத்தையும் டிக்கெட் எடுத்தாயா இல்லையா என்கிற கண்ணோடு பார்ப்பவர். மறுநாள் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். சாமிக்குப் படைக்கிறதை யாராவது ருசி பார்த்துவிட்டுப் படைப்பார்களா, இது எச்சில் செருப்பு என்றார். தைத்தவர் அளவுக்காகக் காலை நுழைத்துப் பார்த்திருக்க மாட்டாரா என்று நான் கேட்டேன். அது தொழில், கணக்கில் சேராது என்றார்கள். மாட்டியது நான் இல்லையே, இவன்தானே என்று இயக்குநரைக் காட்டினேன். பையன் பக்தியில் செய்துவிட்டான் என்று அவனுக்கு உடனே விபூதி பூசிவிட்டார்கள். முகம் காட்டியவள் திருச்சிக்காரி, ஊர்க் கட்டுப்பாடு அவளுக்கு இல்லை. கடைசியில் பார்த்தால் அத்தனை பேரில் குற்றவாளி என் கால் ஒன்றுதான்.

தீர்ப்பு இது: அந்தச் செருப்பை எடுத்துவிட்டுப் புதுச் செருப்பு மாட்ட வேண்டும். போட்டு நடந்தவள் கோயில் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். உலகமே பார்த்த தப்பு, மன்னிப்பையும் உலகம் பார்க்கட்டும். அதுவரை எங்கள் வீட்டுக் கோயில் வரியை வாங்க மாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பொருள் புரியாது. வரி வாங்காவிட்டால் அந்த வீடு ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். ஆடிப் படையலில் எங்கள் பொங்கல் பானைக்கு இடம் கிடையாது. என் மாமியார் இந்த ஊருக்கு மருமகளாக வந்த வருஷத்திலிருந்து ஒரு ஆடியும் விடாமல் அங்கே பொங்கல் வைத்தவர். வீட்டுக்கு வந்து தலைமுந்தானையை உதறிப்போட்டுவிட்டு, “மூஞ்சிக்கு அவ, மிதிக்கு நீயா?” என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு அன்று சாப்பிடவில்லை. எனக்காகக்கூட இல்லை, அந்த மனுஷிக்காகவாவது ஊர் வரியில் எங்கள் வீடு மறுபடி சேர வேண்டும் என்று இருந்தது.

இயக்குநர் தானே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். சொன்ன நாளில் பார்த்தால் திருச்சிப் பெண்ணோடு வந்து இறங்குகிறான். உலகத்துக்கு அவள் முகம்தானே தெரியும், அவள் கேட்டால்தானே மன்னிப்பு ஓடும் என்பது அவன் கணக்கு. அவள் பாவம், பட்டுப்பாவாடை கட்டிப் பவ்யமாக வந்திருந்தாள். கமிட்டிக்காரர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“இது யாரு?” என்றார் தலைவர்.

இயக்குநர் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அக்கா, பொட்டி கொண்டாந்திருக்கீங்களா? அந்தக் கலரக் கொஞ்சம் அடிச்சு விட்டீங்கன்னா அடையாளம் தெரிஞ்சிரும்” என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு, கருப்பர் கையில் இருக்கும் அருவாளைப் பிடுங்கியிருப்பேன். சாயம் பூசி ஒரு தப்பு, அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்க மறுபடி சாயம். அவளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, நானே போய்ப் படிக்கு முன்னால் நின்றேன். கால் என்னுடையது, நானே கேட்கிறேன் என்றேன். இயக்குநர் பழக்கதோஷத்தில் கேமராவை என் காலுக்கு இறக்கினான். பின்னால் இருந்து என் மாமியார் குரல் வந்தது.

“தம்பி, அதக் கொஞ்சம் மேல தூக்கு. எம் மருமகளுக்கு மூஞ்சி இருக்கு.”

தூக்கினான். என்னைச் சொல்லி, என் காலைச் சொல்லி, தெரியாமல் நடந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சாமியையும் ஊரையும் கும்பிட்டேன். பூசாரி புதுச் செருப்பை மாட்டினார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. தலைவர் முகம் தெளிந்து, வெள்ளிக்கிழமை வந்து வரி கட்டிக்கொள்ளச் சொன்னார். மாமியார் அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வீடியோ ஏறியது. மாலைக்குள் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் அறந்தாங்கிக் கல்யாணப் பெண் ஒருத்திக்கு முகம் எழுதிக்கொண்டே நடுநடுவே படித்தேன். ‘மன்னிப்புக் கேட்கவும் கறுப்பு பூசிக்கிட்டுத்தான் வருவீங்களா?’ என்று ஒருவர். ‘இது அந்தப் பொண்ணே இல்ல, யாரோ துணை நடிகை’ என்று ஒருவர். ‘இந்தத் தடவை மேக்கப் ரொம்ப ஓவர், உதட்டுக்குக்கூடக் கறுப்பு அடிச்சிருக்காங்க’ என்று தொழில் தெரிந்த ஒருத்தி. அதற்குக் கீழே வரிசையாக எல்லோரும் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூஞ்சியைக் கழுவிவிட்டு வந்து மன்னிப்புக் கேள். கல்யாணப் பெண்ணை நாற்காலியில் விட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எத்தனையோ பேர் என்னைக் கறுப்பி என்று சொல்லியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். நான் கறுப்பே இல்லை, என் நிறமே பொய் என்று பிறர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை வரியோடு போன மாமியாரிடம், தலைவர் வாங்காமல் தலையைச் சொறிந்தார். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். இயக்குநர் அங்கே கேமராவோடு இருந்தான். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“நமக்குத் தெரியும் ஆத்தா, ஒங் கலரே அதுதான்னு. ஒலகம் ஏத்துக்கிற மாட்டேங்குதே. மன்னிப்பு செல்லாதுன்னு இங்கிட்டும் நாலு பேரு பேசுறான். ஒரு தடவ மூஞ்சியக் கழுவிக் காட்டிட்டேன்னா முடிஞ்சிரும்.”

மாமியார் என்னைப் பார்த்தார். கையில் வரிப் பணம் அப்படியே இருந்தது. வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் நான் கோயில் பைப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் பக்கத்தில் வந்து நின்று எடுக்கத் தொடங்கினான். தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, நெற்றி, கன்னம், காது மடல், கழுத்து என்று அழுத்தித் தேய்த்தேன். தலைவர் கொடுத்த துண்டால் துடைத்தேன். துண்டில் வெள்ளையாகக் கொஞ்சம் பவுடர் ஒட்டியது, வேறு ஒன்றும் இல்லை. கமிட்டிக்காரர்கள் துண்டை எட்டிப் பார்த்தார்கள். போதும்க்கா, கிடைத்துவிட்டது என்று இயக்குநர் கேமராவை இறக்கப் போனான்.

“நிறுத்தாத தம்பி” என்றேன். “நான் இன்னும் வெளுக்கலையே.”

மறுபடி சோப்பை எடுத்தேன். தேய்த்தேன், கழுவினேன், மறுபடி தேய்த்தேன். கண்ணில் சோப்பு இறங்கி எரிந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. கடைசியில் தலைவர்தான் வந்து பைப்பை மூடினார். மூடிவிட்டு, மாமியாரைப் பார்த்து, வரியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். மாமியார் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, என் கையைப் பிடித்து எழுப்பினார்.

“மொதல்ல அவ மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேளுங்க” என்றார்.